ஒரு கோழிக்கு ஒரு சாண்

ஒரு கோழிக்கூட்டுக்காக அம்மா மூன்று மாதம் யோசித்தாள். 1976-ஆம் வருஷம், எனக்கு ஒன்பது வயது. கூட்டுச் சீட்டில் சேருவதா வேண்டாமா, அக்காவை மேலே படிக்க அனுப்புவதா நிறுத்துவதா என்பதையெல்லாம் உலை கொதிக்கிற நேரத்துக்குள் முடிவு செய்துவிடுகிறவள் அவள். கோழிக்கூடு விஷயத்தில் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட் பட்டணத்துக்குப் போய்ப் பார்ப்பாள், வந்து பேசாமல் இருப்பாள், அடுத்த ஞாயிறு மறுபடி போவாள். சமையல்கட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் கோடு கோடாக இழுத்து வைத்திருந்தாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஒரு கோடு ஒரு வெள்ளி; ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மூன்று கட்டாக அந்தக் கோடுகள் நின்றன. ஒவ்வொரு கட்டின் தலைமாட்டிலும் ஒரு படம் போட்டிருந்தாள். ஒன்று கம்பிக்கூண்டு. ஒன்று கால் வைத்த மூங்கில் கூடு. ஒன்று வெறும் சதுரம்.

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்கு ஆலையில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து. அப்பாவின் அம்மாவை அப்பாயி என்போம். துறையூர்ப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியது 1937-இல். மறு வருஷமே தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. "நான் கடைசி கூட்டத்துல வந்தவ" என்று அதைப் பெருமையாகவும் சொல்வாள், வருத்தமாகவும் சொல்வாள். அவள் வந்தபோது தாப்பாவிலிருந்து மலைக்கு ரோடு போட்டு சில வருஷம்தான் ஆகியிருந்தது. ரஸ்ஸல் துரை 1929-இல் தொடங்கிய போ தோட்டத்துச் செடிகள் அப்போது இடுப்பளவுகூட இல்லை என்பாள். கேமரன் என்ற பெயர் 1885-இல் மலையை அளக்க வந்த வெள்ளைக்காரருடையது என்று நாங்கள் பள்ளியில் படித்ததைச் சொன்னால், "அளந்துட்டுப் போனவன் பேரு நிக்குது, காடு வெட்டுனவன் பேரு ஒண்ணாச்சும் இருக்கா?" என்று கேட்பாள்.

அப்பாயி இந்த மலைக்கு வந்ததும் முதலில் செய்தது ஒரு பஞ்சாரம் முடைந்ததுதானாம். மூங்கிலைச் சீவிப் பிளாச்சாக்கி, தலைகீழாகக் கவிழ்த்த பெரிய கூடை போல. ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பது. சாயந்திரம் கோழிகளை அதற்குள் விட்டு மேலே அம்மிக்குழவியை ஏற்றி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. எனக்கு நினைவு தெரிந்தபோது சமையல்கட்டு மூலையில் இருந்தது அப்பாயியின் மூன்றாவது பஞ்சாரமோ நான்காவதோ. இரண்டு கோழி, மூன்று கோழி வரைக்கும் அது போதும். கறுப்பி பதினொரு முட்டையில் அடைகாத்து ஒன்பது குஞ்சு பொரித்த வருஷம், அதில் ஐந்து பெட்டையாகத் தேறியது. அப்பாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவுக்குத்தான் கவலை வந்தது. இத்தனை கோழியை எங்கே அடைப்பது?

முட்டைக் காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் சம்பளமும் அப்பாவின் சம்பளமும் கைக்கு வருவதற்கு முன்பே கடைப் பற்றில் பாதி கரைந்திருக்கும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், சார்டின் டின் எல்லாம் கடனுக்கு வாங்கி, சம்பளத்தன்று கழிப்பது. முட்டை அப்படியில்லை. காலையில் கூடையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கேயே காசு. அம்மாவின் உள்ளங்கையில் நேராக வந்து விழுந்த காசு அது ஒன்றுதான். அதை ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு, டின்னை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். அக்காவின் சீருடையும் எனக்கு முதல் சப்பாத்தும் அந்த டின்னிலிருந்து வந்தவை.

அதனால் கறுப்பி, ஐந்து பெட்டை, ஒரு சேவல் என்று ஏழு உருப்படியும் பத்திரமாக இருக்க வேண்டும்.

முதலில் அப்பா ஒன்று செய்தார். லயத்துப் பின்சுவரை ஒட்டி நாலு கம்பை நட்டு, மேலே ஒரு தகரம், சுற்றிலும் அறுகோணக் கண் வைத்த கோழிவலை. மலிவான வலை அது. கையால் முறுக்கினாலே வளையும். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு விடிகாலை, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகக் கிளம்பிய அம்மா பின்பக்கம் போனவள் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். செவலைக் கோழி வலையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. இறகெல்லாம் ஒழுங்காக இருந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் ஒன்றுமில்லை. வலையின் கண்ணில் ஒரு சிறு இறகு ஒட்டிக்கொண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"மூசாங்" என்றாள் அப்பாயி. ஊர்ப்பக்கம் மரநாய் என்பதை இங்கே மலாய்க்காரர்கள் சொல்கிற பேரிலேயே நாங்களும் சொல்வோம். அது உள்ளே வர வேண்டியதில்லை. வெளியே நின்றுகொண்டு சத்தம் காட்டும். பயந்த கோழி வலையோரம் ஒண்டும். கண் வழியாக வாயை நுழைத்து எட்டுகிறதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான், வெளியே உள்ளதைத் தடுக்க அல்ல என்பதை அன்றைக்கு நாங்கள் தெரிந்துகொண்டோம். இன்றைக்கும் புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் அந்த வலையைப் பெயரை நம்பி வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சிறு இறகு ஞாபகத்துக்கு வரும்.

அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. செவலையைக் குழம்பு வைக்கலாம் என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னதற்கும் பதில் சொல்லவில்லை. பூச்செடி ஓரம் குழி தோண்டிப் புதைத்தாள்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. தோட்டத்துக் கணக்கரான கிராணி சுற்றிப் பார்க்க வந்தவர் அந்தக் கொட்டகையைப் பார்த்துவிட்டு, லயத்துச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, தோட்டத்து நிலத்தில் கம்பு நடக் கூடாது, பிரித்துவிட வேண்டும் என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தினம் எங்களிடம் முட்டை வாங்குகிறவர்தான். சட்டத்தைச் சொன்னார். அப்பா அன்று சாயந்திரமே பிடுங்கிப் போட்டார். பிடுங்கும்போது அம்மா வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மனத்தில் கூட்டுக்கான கணக்கு தொடங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். எதை வாங்கினாலும், எதைக் கட்டினாலும், அது இந்தச் சுவரையும் இந்த மண்ணையும் தொடாமல் தனியாக நிற்க வேண்டும். போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போகக்கூடியதாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு 55 வயதானதும் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

சுவரிலிருந்த முதல் படம் கம்பிக்கூண்டு. ரிங்லெட்டில் இரும்புச் சாமான் விற்கும் சீனக் கடையில், கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. பற்றவைத்த தடித்த கம்பி, சதுரக்கண், அடியில் எச்சம் விழத் தட்டு. பளபளவென்று இருந்தது. 38 வெள்ளி. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது, கடைக்காரத் தவுக்கே அதைக் கீழே இறக்கிக் காட்டினார். அம்மா என் கையைப் பிடித்து அந்தக் கூண்டுக்குள் விட்டு, அடிக்கம்பியில் உள்ளங்கையை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். "நோவுதா?" என்றாள். கோடு கோடாகப் பதிந்திருந்தது. "நீ ஒரு நிமிசம் வச்ச. அது ராவெல்லாம் நிக்கணும்" என்றாள். கறிக்கோழி ஏற்றிப் போவதற்குச் சரி, வருஷக்கணக்கில் வாழ்வதற்கு அது சரிப்படாது என்பது அவள் தீர்ப்பு. நாலு பக்கமும் திறந்த கூண்டு, எங்கள் மலைக்காற்றைத் தாங்காது என்பது இன்னொரு காரணம். கார்த்திகை மார்கழி மழையில் இரவு 15 டிகிரிக்கு இறங்குகிற இடம் அது.

இரண்டாவது, மூங்கில் கூடு. மலாய்க் கம்பங்களில் ரெபான் என்பார்கள். ஆள் உயரத்தில் பாதிக்குக் கால் வைத்து, பிளந்த மூங்கிலில் தரை போட்டு, கோழி ஏற ஒரு சாய்ந்த ஏணி வைத்தது. காட்டோரத்து அஸ்லி பூர்வகுடிக் கிராமத்திலிருந்து மூங்கிலும் பிரம்பும் விற்க வரும் ஒருவர் 12 வெள்ளிக்குச் செய்து தருவதாகச் சொன்னார். அழகான வேலை. ஓர் ஆணிகூட இல்லாமல் பிரம்பால் கட்டியிருப்பார். தரை இடைவெளி விட்டு இருப்பதால் எச்சம் கீழே விழுந்துவிடும், கால் சுத்தமாக இருக்கும். தூக்குவதற்கும் லேசு. அப்பாயி உடனே வாங்கச் சொன்னாள். அம்மாவுக்கும் ஆசைதான், இரண்டு ஞாயிறு அவர் செய்து வைத்திருந்ததைப் போய்ப் பார்த்தாள். மூன்றாம் முறை போனபோது, பழைய கூடு ஒன்று அங்கே கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். கையால் தட்டியதும் மூங்கில் பொந்திலிருந்து பொடிப்பொடியாகச் செள்ளு கொட்டியது. பகலில் மூங்கில் ஓட்டைக்குள் ஒளிந்திருந்து இரவில் வந்து கோழி இரத்தம் குடிக்கிற சிவப்புச் செள்ளு. "நம்ம மேகத்துல மூங்கி ரெண்டு வருசம் தாங்காது. அதுக்குள்ள இதுக வேற" என்று வந்து சொன்னாள். 12 கோடுகளையும் அழிக்கவில்லை. ஓரத்தில் ஒரு குறுக்குக் கோடு மட்டும் போட்டாள்.

ஊரில் என்றால் செள்ளுக்கு வேப்பிலை போடலாம். இந்தக் குளிருக்கு வேம்பு வராது. அப்பாயி இந்த நாட்டின் மேல் வைத்த குறைகளில் முதலாவது அது.

மூன்றாவது படமான வெறும் சதுரம் அப்பாவின் யோசனை. தேயிலைப் பெட்டி.

அந்தப் பெட்டியை இப்போது பார்க்க முடியாது. பின்னால் காகித மூட்டைகள் வந்து அதை ஒழித்துவிட்டன. ஒட்டுப்பலகையில் செய்த பெட்டி. என் இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும் உயரம். விளிம்பெல்லாம் தகரப்பட்டை மடித்து ஆணி அடித்திருக்கும். உள்ளே சுற்றிலும் வெள்ளி நிறத்தாள். தூளில் ஈரம் ஏறாமல் இருக்க அது. வெளியே கறுப்பு மையில் அச்சுத் தகடு வைத்து எழுதியிருப்பார்கள்: தூளின் தரம், பெட்டி எண், எடை. மூலை உடைந்தது, பட்டை கழன்றது என்று கழித்துப் போட்டவற்றை ஸ்டோரில் சீட்டுப் போட்டு ஒரு வெள்ளிக்குக் கொடுப்பார்கள். லயத்தில் அதை வைத்துக்கொள்ளாத வீடே இல்லை. துணி வைக்க, விறகு வைக்க, கைப்பிள்ளையை நிற்க வைக்க.

அப்பா ஆறு பெட்டி வாங்கி வந்தார். பெட்டியை அப்படியே கூடாக்குவது என்றுதான் அவர் நினைத்தார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அன்று இரவு விளக்கை எடுத்துக்கொண்டு பஞ்சாரத்திடம் போனாள். கறுப்பியை எடுத்து விறகுக்கட்டை மேல் உட்கார வைத்தாள். இருட்டில் கோழி எதிர்க்காது. எங்கே வைத்தாலும் பேசாமல் உட்காரும். கட்டைவிரலைக் கறுப்பியின் ஒரு பக்கத் தோளிலும் சுண்டுவிரலை மறுபக்கத் தோளிலும் வைத்துப் பார்த்தாள். சரியாக ஒரு சாண். சாம்பலியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதுவும் ஒரு சாண். சேவலுக்கு மட்டும் நாலு விரல் கூட. "ஒரு கோழிக்கு ஒரு சாண். எட்டுக் கோழின்னு வச்சிக்க. நீளம் எட்டு சாண் வேணும், இல்ல நாலு நாலா ரெண்டு கம்பு" என்றாள். எங்களிடம் இருந்தது ஆறு. பிற்பாடு கோழிப்பண்ணை நூல்களில் கம்பில் ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம் விடச் சொல்லியிருப்பதைப் படித்தேன். அம்மாவின் சாண் ஒன்பது அங்குலம்.

பெட்டிகளைப் பிரித்தோம். தகரப்பட்டையைப் பிடுங்குவது என் வேலை. இடது கை ஆட்காட்டி விரலில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. உள்தாளை ஒரு துணுக்கு விடாமல் உரிக்கச் சொன்னாள் அம்மா, மினுங்குகிற எதையும் கோழி கொத்தித் தின்றுவிடும் என்று. உரித்தபோது தாளுக்கும் பலகைக்கும் நடுவில் அடைந்திருந்த தூள் கைநிறைய வந்தது. அப்பாயி அதைச் சேர்த்து வைத்து மாலையில் தேத்தண்ணி போட்டாள். பலகை வாசம் அடித்தது. நன்றாகத்தான் இருந்தது.

மலிவாகச் செய்ய வேண்டும் என்று அம்மா எல்லாவற்றிலும் பிடித்தம் செய்தாள்; இரண்டில் மட்டும் செய்யவில்லை. கம்பிவலையும் தாழ்ப்பாளும். காற்று வரும் திறப்புகளுக்குத் தவுக்கே கடையில் அரை அங்குலச் சதுரக்கண் வலை வாங்கினாள். அப்பாவின் கட்டைவிரல்கூட நுழையாது. அது விலை கூட என்பதால் இரண்டு கெஜம்தான் வாங்க முடிந்தது, திறப்பின் அளவை அந்த இரண்டு கெஜத்துக்கு ஏற்ப முடிவு செய்தார்கள். தாழ்ப்பாள் இரும்பில், குறுக்கே ஒரு முளை செருகுவதுபோல. கொக்கி போதும் என்றார் அப்பா. "கொக்கிய மூசாங் மூக்கால தூக்கிடுங்க" என்றாள். சட்டத்துக்கு மரவாடியில் கழித்த துண்டுக் கட்டைகள். மூலைகளை ஆணி அடிக்காமல் மரை ஆணியும் நட்டும் போட்டு முடுக்கச் சொன்னாள். அதற்கு அப்பா ஏன் என்று கேட்கவே இல்லை. நாலு சுவர், ஒரு தரை, ஒரு கூரை. பன்னிரண்டு நட்டைக் கழற்றினால் ஆறு பலகையாகப் பிரிந்து அடுக்கிக்கொள்ளும்.

உட்காரும் கம்புக்குக் கவாத்து வெட்டிப்போட்ட தேயிலைத் தண்டு. முறுக்கிக்கொண்டு வளர்ந்த, இரும்பு போன்ற கட்டை. கோழியின் விரல் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். தரை மட்டும் பிளந்த மூங்கில். மாற்றிக்கொள்ளலாம், விலையும் இல்லை. அஸ்லிக்காரரிடமே வாங்கினாள். கூடு வாங்காததற்கு ஈடாக அந்த வேலையையாவது அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. முட்டையிட, பிரிக்காத ஒரு பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து லாலாங் புல் பரப்பினார்கள். நாலு காலையும் நாலு சார்டின் டின்னில் நிறுத்தி, எறும்பு ஏறாமல் பழைய எண்ணெய் ஊற்றினார் அப்பா. 1892-இல் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய கம்பெனியின் அந்தச் சார்டினுக்குச் சேவல்தான் மார்க். டின்னிலிருந்த சேவல் படத்தை எங்கள் சேவல் பல நாள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

மொத்தம் 19 வெள்ளி. மூங்கில் கூட்டைவிட 7 அதிகம், கூண்டின் விலையில் பாதி. அம்மா சுவரிலிருந்த கரிக்கோடுகளை ஈரத்துணியால் துடைத்தாள்.

முதல் ஒரு மாதம் இரவில் நாங்கள் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. லயத்துக்குப் பின்னால் ஐம்பது அடியில் காடு. இருட்டினால் பிள்ளைகளை உள்ளே இழுக்கப் பெரியவர்களிடம் ஒரு கதை தயாராக இருந்தது. 1967 மார்ச்சில் தானா ராத்தாவில் ஒரு பங்களாவிலிருந்து நடந்து போன ஜிம் தாம்சன், தாய்லாந்துப் பட்டு வியாபாரி, திரும்பவே இல்லை. எத்தனையோ பேர் தேடியும் ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை. "அவரையே புலி கொண்டுபோச்சு, நீ என்ன" என்பார்கள். புலியா வேறெதுவா என்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. எனக்குப் புலியைவிட மூசாங்தான் பயம். ஒரு ராத்திரி அது வந்தது. தகரக் கூரையில் தடதடவென்று காலடி. கோழிகள் கொக்கரித்தன. அம்மா டார்ச்சை அடித்தாள். வலைமேல் நீளமாக ஒட்டிக்கொண்டு, கண் இரண்டும் பச்சையாக மினுங்க, அது எங்களைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் இறங்கிப் போனது. அம்மா முளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோழிகளை எண்ணினாள். ஆறும் இருந்தன. திரும்பி வந்து படுத்தவள் கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டாள். அம்மா குறட்டை விடுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மூசாங்கை வென்ற கூடு மழையிடம் தோற்கப் பார்த்தது. அந்த வருஷக் கடைசி மழையில் குளிர் ஏறிக்கொண்டே போனபோது, கோழிகள் விறைத்துவிடும் என்று அம்மா சாக்கை எடுத்து வலையெல்லாம் மூடிக் கட்டினாள். காலையில் திறந்தால் வெதுவெதுவென்று ஆவி முகத்தில் அடிக்கும். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தோம். நாலாம் நாள் சாம்பலி தும்மியது. மூக்கோரம் நுரை. கோழிகளின் முதுகு நனைந்திருந்தது. கூரையில் ஓட்டை இருக்கிறது என்று அப்பா ஏறிப் பார்த்தார். ஓட்டை இல்லை. விடிகாலையில் அம்மா கூட்டுக்குள் கையை விட்டுத் தகரத்தின் அடிப்பக்கத்தைத் தடவினாள். கை முழுக்கத் தண்ணீர். தகரத்தின் அடியில் முத்து முத்தாகக் கோத்து நின்று, பொட்டுப் பொட்டென்று கோழிகள்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மழை விட்டிருந்தது, உள்ளே பெய்துகொண்டிருந்தது.

இதற்கு வழி சொன்னவர் பள்ளத்தாக்கில் கோஸ் போடும் ஒரு சீனர். கேமரன் மலைத் தோட்டங்களுக்கு அந்தக் காலத்தில் கோழி எரு எப்போதும் வேண்டியிருந்தது. கீழ்நாட்டிலிருந்து லாரி லாரியாக வந்துகொண்டிருந்தது. எங்கள் கூட்டுக்கு அடியில் சேர்வதை அம்மா மூட்டை கட்டி அவருக்குக் கொடுப்பாள். அவர் கோஸின் வெளியிலைகளைக் கோழிகளுக்குக் கொண்டுவந்து போடுவார். அன்றைக்கு எரு எடுக்க வந்தவர் சாக்கைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலே மேல்பக்கத்துச் சாக்கை அவிழ்த்தார். "செஜோக் தாப்பா, பாசா மாத்தி" என்றார். குளிர்ந்தால் பரவாயில்லை, நனைந்தால் சாவு. எங்கள் எல்லாருக்கும் பொதுவான மொழி அந்த மலாய்தான். கோழியின் உடம்புச் சூடு மனுஷச் சூட்டைவிட நாலைந்து டிகிரி கூட. இறகை உப்பிக்கொண்டு ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்தால் எங்கள் மலைக்குளிர் அதற்கு ஒன்றுமில்லை. அது விடும் மூச்சும் எச்சத்தின் ஈரமும் வெளியே போக வழியில்லாவிட்டால்தான் சீக்கு. காற்றுத் தலைக்கு மேலே போக வேண்டும், உடம்பில் படக் கூடாது. அவர் காட்டியபடி அப்பா சுவர்களின் உச்சியில், கூரைக்கு அடியில், ஒரு கை அகலத்துக்குத் திறந்து வலை அடித்தார். தகரத்தின் அடியில் லாலாங் புல்லைக் கட்டுக்கட்டாக வரிந்து மூங்கில் பிளாச்சு கொடுத்தார். சாம்பலி பத்து நாளில் தேறிவிட்டது.

அன்று முதல் அது அம்மாவின் வழக்கமாகிவிட்டது. பெரட்டுக்குப் போகுமுன், இருட்டோடு, கூட்டுக்குள் கையை நீட்டிக் கூரையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். ஈரம் பட்டால் புல்லை மாற்றச் சொல்வாள். மாதத்துக்கு ஒருமுறை கம்புகளை உருவி இடுக்குகளில் மண்ணெண்ணெய் தடவுவாள். அடுப்புச் சாம்பலைக் கூட்டுக்கு அடியில் குவித்து வைப்பாள். கோழிகள் அதில் புரண்டு புரண்டு செள்ளு போக்கிக்கொள்ளும். நல்ல கூட்டாலும் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. 1979-இல் லயம் முழுக்க வெள்ளைக்கழிச்சல் வந்தபோது எங்கள் ஏழில் ஐந்து போயிற்று. ராணிக்கெட் என்றும் நியூகாசில் என்றும் அதற்குப் பெயர். அதற்குச் சொட்டு மருந்து இருக்கிறது, முன்கூட்டியே கண்ணில் விட வேண்டும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கறுப்பியும் ஒரு விடலைச் சேவலும் மிஞ்சின. கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காய வைத்து, மறுபடி கறுப்பியிலிருந்து தொடங்கினாள் அம்மா.

1981-இல் அப்பாவுக்கு 55 ஆனது. அப்பாயி அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டாள். 23 வருஷம் குடியிருந்த வீட்டில் நாங்கள் எடுத்துப்போக இருந்தவை ஒரு லாரியில் பாதிகூட இல்லை. கடைசி நாள் காலை அப்பா ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அம்மா அந்த ஐந்து வருஷமும் நட்டுகளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் ஒன்றுகூடத் துருப்பிடித்துச் சிக்கவில்லை. பன்னிரண்டும் கழன்றன. பலகைகளை அடுக்கியபோது, சுண்ணாம்புக்கு அடியிலிருந்து பழைய கறுப்பு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன: பி.ஓ.பி. என்ற தர எழுத்து ஒரு பலகையில், பாதி எண் இன்னொன்றில். கூடு நின்ற இடத்தில் நாலு வட்டம், சார்டின் டின்களின் தடம். வேறு அடையாளம் இல்லை. கிராணி வீட்டைச் சுற்றிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டார்.

கோழிகளைப் பஞ்சாரத்தில் வைத்து, அப்பாயியின் கடைசிப் பஞ்சாரம் அது, லாரியில் அம்மா தன் காலடியில் வைத்துக்கொண்டாள். தாப்பாவுக்கு இறங்குகிற பாதையில் வளைவுக்கு வளைவு வெக்கை ஏறியது. லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிறுத்தி அதுகளுக்குத் தண்ணீர் காட்டினோம். அலகைத் திறந்துகொண்டு இளைத்தன. அங்கேதான் ரோட்டோரத்துப் புதரிலிருந்து ஒரு காட்டுச்சேவல் கூவியது; எங்கள் சேவல் கழுத்தை நீட்டிக் கேட்டது, பதில் கூவவில்லை.

தாப்பாவில் வாங்கிய சின்ன மனையில் வீடு எழும்பும் முன்னே கூடு எழும்பியது. அந்த மண்ணில் கம்பு நடலாம், ஆணி அடிக்கலாம்; அப்பா பழக்கத்தில் அதை டின்னின் மேலேயே நிறுத்தினார். மறுநாள் விடிகாலை எனக்கு விழிப்பு வந்தபோது அம்மா பின்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வேலைக்கு அழைக்கும் சங்கு இல்லை, பெரட்டு இல்லை, போக வேண்டிய இடமும் இல்லை. தாழ்ப்பாள் முளையை எடுத்துவிட்டு, கறுப்பியின் தலைக்கு மேலே கையை நீட்டிக் கூரையின் அடிப்பக்கத்தைத் தடவினாள். கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மறுபடி உள்ளே விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டே நின்றாள்.